கூத்தை எடைபோடுவது யார்?

நகர அரங்கில் ஒரு மணி நேரத் தெருக்கூத்து பார்த்துவிட்டு 'ஒரே கூச்சல்' என்று எழுதுகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி இல்லை என்றே நினைக்கிறேன். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து தனித்து நிற்பதில்லை. பகலில் பாரதப் பிரசங்கம் கேட்ட சனம்தான் இரவில் அந்தக் கதையை வேடத்தில் பார்க்க உட்கார்கிறது. விடிய விடிய நடக்கும். கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தோடு அவன் போரில் வீழ்வதைக் காட்டும் படுகளம், சபதம் நிறைவேறித் திரௌபதி கூந்தல் முடிக்கும் கூந்தல் முடிப்பு, தீமிதி.

துகிலுரியும் இரவைக் கவனியுங்கள். சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதன வேடக்காரர் அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவார். இதை 'தொய்வு' என்று வெட்டினால் மிஞ்சுவது பெண்ணைத் துன்புறுத்தும் காட்சி மட்டுமே. வழிபாடு போய்விடும்.

நேரத்தைக் குறைக்கும்போது அடுத்து அடிபடுவது திரைப் பிரவேசம். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் பாட, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் 'யார் நீ' என்று விசாரிப்பான். அது இல்லையென்றால் புதியவர்களுக்கு வேடம் எதுவென்றே பிடிபடாது. பிறகு குழப்பம் என்று கூத்தைக் குறை சொல்வார்கள்.

ஊரில் பிறந்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்றும் இல்லை. நெதர்லாந்திலிருந்து வந்த ஹன்னே டி ப்ரூன், கலைஞர் ராஜகோபாலோடு காஞ்சிபுரம் பகுதியில் கட்டைக்கூத்து என்றும் சொல்லப்படும் இந்தக் கூத்துக்காகவே பல பத்தாண்டுகள் உழைத்தவர். அவர் குறை சொன்னால் உட்கார்ந்து கேட்கலாம்.