அடைப்புக்குறிக்குள் ஒரு சாவு, சாலையோரம் ஒரு கல்

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் என்று பேச்செடுத்தாலே பலரும் 1941இல் கோட்டுப் பையில் கல்லைப் போட்டுக்கொண்டு ஊஸ் ஆற்றில் இறங்கினாரே, அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சாவைப் பற்றி, அதுவும் வீட்டுக்குள் நடக்கிற பொம்பளைகளின் சாவைப் பற்றி, அவ்வளவு யோசித்து எழுதியவரை அவர் செத்த விதத்தை வைத்தே நினைவில் வைத்துக்கொள்வது சரியில்லை.

1927இல் வந்த 'டு த லைட்ஹவுஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி ஒரே நாளின் சாயங்காலமும் ராத்திரியும், அதுவே புத்தகத்தில் பாதிக்கு மேல் ஓடும். எட்டுப் பிள்ளை பெற்ற ராம்சே அம்மாள் நடுவில் உட்கார்ந்து காலுறை பின்னுகிறாள், விருந்தாளிகளுக்குச் சோறு போடுகிறாள், கோபித்துக்கொண்டு திரிகிற வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்துகிறாள். அடுத்த பகுதியில் பத்து வருடம் சில பக்கங்களில் போய்விடும். அந்தப் பத்து வருடத்துக்குள் ராம்சே அம்மாள் சாகிறாள், எப்படி என்றால், ஒரு விடியாத காலையில் புருஷன் தடுமாறிக்கொண்டு கையை நீட்டுகிறார், முந்தின ராத்திரி அவள் இறந்துபோனதால் கை வெறுமையாக இருக்கிறது, அவ்வளவுதான், ஒரே வாக்கியம், அதுவும் சதுர அடைப்புக்குறிக்குள். அந்த அம்மாளை நம்பியே நூறு பக்கத்துக்கு மேல் வந்திருக்கிறோம். அழக்கூட நேரம் தராமல் காலம் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

அடைப்புக்குறிக்கு வெளியே என்ன இருக்கிறது என்றால், ஆளில்லாத வீடு. காற்று நுழைகிறது, ஈரம் ஏறுகிறது, மாட்டிவைத்த சால்வை மடிப்பு மடிப்பாக அவிழ்கிறது. நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மாதேவி என்று எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் பூட்டின வீடுகள் வரும், பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ அதற்கும் அப்பாலோ இருப்பார்கள். எங்கள் ஆச்சி வீட்டில் தார்சா மரத்தூணில் கரையான் ஏறிவிட்டது, பட்டாசலில் வவ்வால் நெடி மூக்கைத் துளைக்கும், ரெண்டாங்கட்டில் நாலு ஓடு சரிந்ததில் ஐப்பசி மழை நேராக உரலுக்குள் விழும். சாவி அதே தெருவில் ஒரு அக்காவிடம் இருக்கிறது. அவர் வெள்ளிக்கிழமை வந்து பெருக்கி, விளக்கை ஏற்றிவிட்டுப் போவதால்தான் அது இன்னும் வீடாக நிற்கிறது.

நாவலிலும் அப்படி ஒருத்தி வருகிறாள். மிஸஸ் மக்நாப், வயதானவள், முட்டி வலிக்க வலிக்கப் படியேறித் துடைக்கிறவள். அவளைப் புத்தி மழுங்கினவள் போல வுல்ஃப் எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. வேலைக்கு வருகிறவர்களை மேலிருந்து பார்க்கிற பழக்கம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. ஆனாலும் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், ஏனென்றால் வீட்டுக்காரர் ராம்சே பெரிய தத்துவ அறிஞர், தன் புத்தகம் எத்தனை வருடம் நிற்கும் என்று முதல் பகுதி முழுக்கக் கவலைப்பட்டவர், கடைசியில் காலத்தோடு மல்லுக்கு நின்று அந்த வீட்டை மீட்டுக் கொடுப்பது வாளியும் துடைப்பமும் வைத்திருக்கிற இவளும் துணைக்கு வருகிற இன்னொருத்தியுமாக இரண்டு கிழவிகள்.

அந்த அடைப்புக்குறிகளுக்குள் இன்னும் இரண்டு சாவு உண்டு. மகன் ஆண்ட்ரூ முதல் உலகப் போரில் பிரான்சில் குண்டு வெடித்துச் சாகிறான். மகள் ப்ரூ கல்யாணமாகி அடுத்த கோடைக்குள் பிரசவத்தை ஒட்டி வந்த நோவில் போய்விடுகிறாள். ஆண்ட்ரூவைப் போலப் போரில் செத்தவர்களுக்கு அந்த நாட்டில் ஊருக்கு ஊர் நினைவுத்தூண் எழுப்பினார்கள். ப்ரூவைப் போலச் செத்தவர்களுக்கு என்ன எழுப்பினார்கள்?

இதைப் படிக்கும்போது எனக்கு சுமைதாங்கிக் கல்தான் ஞாபகத்துக்கு வந்தது. நம்ம ஊர்ப் பழைய வண்டிப்பாதைகளில் இன்னும் சிலது நிற்கிறது. செங்குத்தாக ஊன்றிய இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல், ஒரு ஆள் தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருத்தர் கை பிடிக்காமலே சுமையை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளவும் லேசு. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக வைக்கிற கல் அது. ஆச்சியிடம் சின்ன வயதில் கேட்டபோது, "எறக்கி வைக்காமலே போய்ட்டாள்லா, அவ பேரச் சொல்லி நாலு பேரு எறக்கி வச்சாத்தான் அவ பாரம் கொறையும்ளா" என்றாள். போரில் விழுந்த ஆணுக்கு நடுகல், பிள்ளையைச் சுமந்தபடி விழுந்தவளுக்குச் சுமைதாங்கி. இங்கிலாந்துக்காரர்கள் யோசிக்காத ஒன்றை நம்ம ஜனம் யோசித்திருக்கிறது என்று எனக்குப் பெருமைதான். ஆனால் கொஞ்ச நேரம் அந்தக் கல் பக்கத்தில் நின்றால் வேறொன்றும் தோன்றும். செத்த பிறகும் அவள் சுமந்துகொண்டுதான் நிற்கிறாள். நாவலின் மூன்றாம் பகுதியில் ஓவியம் வரைகிற லில்லி, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், ராம்சே அம்மாளை நினைத்துக் கோபப்படுவதும் இதற்குத்தான், கொடுத்துக் கொடுத்துக் கொடுத்தே செத்துப்போனாளே என்று.

ராம்சே அம்மாள் வுல்ஃபின் சொந்த அம்மாதான். 1895இல் அம்மா இறந்தபோது வர்ஜீனியாவுக்குப் பதிமூன்று வயது. அடுத்து மூத்த அக்கா, அப்புறம் அப்பா, அப்புறம் அண்ணன் என்று 1906க்குள் வரிசையாகப் போய்விட்டார்கள். நாற்பது வயது தாண்டியும் அம்மாவின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்ததாம், இந்த நாவலை எழுதி முடித்த பிறகுதான் நின்றதாம். அப்பாவைப் பற்றி எழுதியது இன்னும் கடுமை. 1928 நவம்பர் 28, அப்பா உயிரோடு இருந்தால் 96 வயதாகியிருக்கும், அன்றைக்கு டைரியில் எழுதுகிறார்: அவர் இருந்திருந்தால் என் வாழ்க்கை முடிந்திருக்கும், எழுத்தும் இல்லை, புத்தகமும் இல்லை. அப்பா மேல் பாசம் இல்லாதவர் எழுதியதல்ல இது, இருந்தவர்தான். நம்ம வீடுகளில் எத்தனை பெண்கள் இதை மனதுக்குள் நினைத்துவிட்டு, நினைத்ததற்காகவே சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள்!

'மிஸஸ் டாலவே' நாவலில் சாவு ஆள் மாறி வருகிறது. லண்டனில் ஒரே ஒரு ஜூன் நாள், பிக் பென் மணி அடித்தபடி இருக்கிறது, கிளாரிஸ்ஸா டாலவே விருந்துக்குப் பூ வாங்குகிறாள், போரிலிருந்து மனம் கலங்கித் திரும்பிய செப்டிமஸ் ஜன்னலிலிருந்து குதிக்கிறான். இருவரும் சந்திப்பதே இல்லை. முதலில் போட்ட திட்டத்தில் செப்டிமஸே கிடையாது, சாக வேண்டியவள் கிளாரிஸ்ஸாதான் என்று வுல்ஃபே பின்னால் சொல்லியிருக்கிறார். அவளை உயிரோடு விட்டது நல்ல முடிவு என்று நினைக்கிறேன். ஐம்பது தாண்டிய ஒருத்தி, உடம்புக்கு முடியாமல் கிடந்து எழுந்தவள், இன்னும் வாழ ஆசைப்படுவதை அதற்குமுன் யார் அவ்வளவு பொறுமையாக எழுதினார்கள்?

'ஆர்லாண்டோ' நாவலில் முந்நூறு வருடத்துக்கு மேல் வாழ்கிற ஒருவன் நடுவில் பெண்ணாகிவிடுகிறான். ஊருக்குத் திரும்பினால் சொத்து வழக்கு. அவள் செத்துவிட்டாள், அதனால் சொத்து வைத்துக்கொள்ள முடியாது என்பது ஒரு வாதம், அவள் பெண், ஏறக்குறைய அதுவும் அதேதான் என்பது அடுத்த வாதம். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ்நாட்டில் 1989லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்றார்கள், 2005இல் நாடு முழுக்க வந்தது. தாத்தா இறந்து பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு அம்மாவும் சித்தியும் பத்திர ஆபீசுக்குப் போய் மாமா பேருக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். ஏன் என்று கேட்டதற்குச் சித்தி, "நாளைக்கு நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடி வரணும்லா" என்றாள். ஒரு சேலை. கண்ணை மூடின பிறகு மேலே போர்த்த ஒரு சேலை வர வேண்டும் என்பதற்காக உயிரோடு இருக்கும்போதே வயலை எழுதிக் கொடுக்கிறார்கள்.

1929இல் வந்த 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' கட்டுரையில், எழுத நினைக்கிற பெண்ணுக்கு வருடம் 500 பவுண்டும் சொந்தமாக ஒரு அறையும் வேண்டும் என்பார். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், அந்தக் காசு எப்படி வந்தது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கதைசொல்லியின் அத்தை ஒருத்தி பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து செத்து, மருமகளுக்கு எழுதிவைத்த காசு அது. பம்பாயில் ஒரு வெள்ளைக்கார அத்தைக்கு அவ்வளவு காசு யார் உழைப்பில் சேர்ந்தது என்று நாம் கேட்கத்தான் வேண்டும், வுல்ஃப் கேட்கவில்லை. ஆனால் ஒரு பெண் செத்தால் இன்னொரு பெண்ணுக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று அவர் கண்டது பெரிய விஷயம். ஓட்டுரிமை வந்த சேதியும் இந்தக் காசு வந்த சேதியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன, காசுதான் பெரிதாகத் தெரிந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறார்.

சித்தி மகள் இப்போது பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். மாதம் பிறந்தால் ஹாஸ்டல் காசுக்கு மாமாவிடம்தான் போய் நிற்கிறாள், அவளுடைய அம்மா எழுதிக் கொடுத்த வயலின் குத்தகை வருகிற அதே வீட்டு வாசலில்.