தாயம் விழுந்தால் சாவு

ஜூன் 7, 2025, சனி

இரவு ஒன்பது மணிக்கு டிஸ்கார்ட் என்கிற அரட்டைச் செயலியில் ஐந்து பேர் கூடினோம். யாருக்கும் யார் முகமும் தெரியாது, குரல் மட்டும்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தைத் தமிழில் ஆட ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், கையைத் தூக்கிவிட்டேன். கதையை நடத்துகிற டிஎம் கோவையில் பள்ளி ஆசிரியர். திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், அப்புறம் தஞ்சாவூரில் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார். சாருக்கு வயது 61. பேரன் விளையாடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

இன்றைக்கு ஆட்டம் கிடையாது, பேச்சு மட்டும். எந்த மாதிரிக் கதை, எது வரலாம், எது வரக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுவது வழக்கமாம். செஷன் ஜீரோ என்கிறார்கள். வேண்டாத எதுவும் கதைக்குள் வந்துவிட்டால் ‘எக்ஸ்’ என்று தட்டினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, டிஎம் அதைத் தாண்டிப் போய்விடுவார். நான் பாம்பு வேண்டாம் என்றேன். தம்பி, அரியர் எக்ஸாம் வேண்டாம் என்றான். சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, “தீ வேண்டாம். வீடு எரியற மாதிரி எதுவும் வேண்டாம்” என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு ஆளை உருவாக்கினோம். நான்கு பகடை போட்டு, சிறியதைக் கழித்துவிட்டு மூன்றைக் கூட்ட வேண்டும். பலம், அறிவு என்று ஆறு குணங்களுக்கு இப்படி ஆறு தடவை. எனக்கு ஒரு தடவை 6, 6, 5, 2 விழுந்தது. 17! அதைத் தூக்கிப் பலத்தில் வைத்தேன். ஆக, நான் சண்டைக்காரி. பெயர் வீராயி, ஆறடி உயரம், கையில் கோடரி. நிஜத்தில் ஐந்தடி ஒரு அங்குலம்; மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறேன். சார் குள்ளர் இனத்துப் பூசாரி, பெயர் மொட்டையன். தம்பி திருடன். சிங்கப்பூர் அண்ணன் மந்திரவாதி.

ஜூன் 14, சனி

முதல் ஆட்டம். பாலத்தடியில் நாலு குறளிகள் பதுங்கியிருந்து பாய்ந்தன. ஆங்கிலத்தில் காப்லின் என்பதை டிஎம் குறளி என்றுதான் சொல்கிறார். பாட்டி கதையில் கேட்ட அந்தக் குட்டிப் பேய் உடனே கண்ணுக்கு வந்துவிட்டது. நல்ல தேர்வு.

சிக்கல் வேறு இடத்தில். டிஎம் கோவைக்காரர், குறளிக்கும் மரியாதை குறையவில்லை. “வீராயிங்க, உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் கத்தியோட வர்றாருங்க. என்ன பண்றீங்க?”

“அவரை வெட்டுகிறேன்” என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

சார் அதற்கு மேல். “மேடம், கொஞ்சம் விலகிக்கிறீங்களா? நான் சுத்தியலை வீசணும்.” குகைக்குள் பிறந்து வளர்ந்த குள்ளன் பேசுகிற பேச்சா இது? வங்கிக் கவுன்டர்தான் ஞாபகம் வந்தது. ஆனால் என்னையும் சொல்ல வேண்டும். வீராயி இந்த இடத்தில் ‘டேய் மொட்டையா, தள்ளுடா’ என்றுதான் கத்துவாள். நாக்கு நுனி வரை வந்தது. 61 வயது மனிதரை எப்படி? “சார், நீங்க அடிங்க” என்று ஒதுங்கிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஆடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ‘யூ’ என்று ஒன்றை வைத்துச் சமாளித்துவிடுவார்கள்.

குறளிகள் செத்தன. மரியாதையாகத்தான்.

ஜூன் 17, செவ்வாய்

பகடை வந்துவிட்டது. ஏழு பகடை, கருநீலம். செயலியிலேயே உருட்டலாம்தான், ஆனால் கையில் உருட்டுகிற சுகம் அதில் இல்லை. நாலு முகம், ஆறு, எட்டு, பத்து (பத்தில் இரண்டு), பன்னிரண்டு, இருபது. இருபது முகப் பகடைதான் ராஜா. குதிக்க, ஒளிய, வெட்ட, பொய் சொல்ல எல்லாவற்றுக்கும் அதை உருட்டி, உன் திறமை எண்ணைக் கூட்டி, டிஎம் மனதில் வைத்திருக்கிற எண்ணைத் தொட வேண்டும். வெட்டும்போது 20 விழுந்தால் கொண்டாட்டம். 1 விழுந்தால் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் வீச்சு வீண்.

இந்த ஆட்டம் 1974-இல் வந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்கிற சின்ன ஊர்; எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். முதலில் போட்டது ஆயிரம் பெட்டி. இத்தனை முகப் பகடைகளை அன்று கணக்குப் பாடத்துக்கு உதவும் பொருளாகத்தான் விற்றுக்கொண்டிருந்தார்களாம், அங்கிருந்துதான் இந்த ஆட்டத்துக்குள் வந்தன. ஆனால் இருபது முகம் புதிதில்லை. பழைய எகிப்தில் கிரேக்க எழுத்துப் பொறித்த ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் தந்தத்தில் செய்த பகடை கிடைத்ததே, அதுவும் நினைவுக்கு வந்தது.

அப்பத்தா இருபதை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தது. “என்னடி இது, கடலை உருண்டை கணக்கா?” தரையில் போட்டது. நேரே பீரோவுக்கு அடியில். விளக்குமாற்றால் தள்ளி எடுத்தேன். “தாயக்கட்டைன்னா போட்ட எடத்துல கெடக்கும்” என்று எழுந்து போய், மஞ்சப்பையில் இருந்து தன் பித்தளைக் கட்டைகளைக் கொண்டுவந்தது. மூலையெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். புள்ளிக் குழிகளில் அழுக்கேறி, அதுவே மை வைத்த மாதிரி. உள்ளங்கைகளுக்கு நடுவில் கரகரவென்று தேய்த்து வீசியது. ஒன்று வெறுமை, ஒன்றில் ஒற்றைப் புள்ளி.

“தாயம்!”

இதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு. என் பகடையில் 1 விழ இருபதில் ஒன்று. அப்பத்தாவுக்கு 1 விழுந்தால்தான் காயே கட்டத்துக்குள் இறங்கும். எனக்கு 1 விழுந்தால் கோடரி காற்றை வெட்டும். இதைச் சொன்னபோது, “ஒன்னு விழுந்தா கெட்டதா? எந்தப் பைத்தியக்காரன் செஞ்ச ஆட்டம்?” என்றது.

ஜூன் 21, சனி

ஆட்டம் இல்லை. சிங்கப்பூர் அண்ணனுக்கு ஓவர்டைம். நமக்கு ஒன்பது என்றால் அவருக்குப் பதினொன்றரை, பாவம்.

ஜூன் 28, சனி

ஆட்டம் அரைமணி, சொற்சண்டை இரண்டு மணி. 2023 ஜனவரியில் இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள்; எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம். எங்களுக்கென்று ஒரு சொல்பட்டியல் போடுவோம் என்று டிஎம் ஆரம்பித்தார்.

அடி வாங்க வாங்கக் குறைகிற ஹிட் பாயின்ட்டுக்கு நான் உயிர்ப்புள்ளி என்றேன். பாடநூல் வாடை அடிக்கிறது என்று தம்பி நக்கலடித்தான். சார் மெதுவாக, “தெம்புன்னு சொல்லலாமே?” என்றார். “உனக்கு எத்தனை தெம்பு இருக்கு?” “மூணுதான், சமாளிச்சுக்குவேன்.” அவ்வளவுதான், மறுபேச்சு இல்லை.

‘ரோல் பண்ணுங்க’ என்பதற்குப் பதில் ‘உருட்டுங்க’ என்றால், “நாம வாராவாரம் கூடி உருட்டுறதுதானே அண்ணா வேலை” என்று தம்பி சிரிக்கிறான். ஆபத்தில் இருந்து தப்ப உருட்டுகிற சேவிங் த்ரோவுக்கு அவனே ஒன்று சொன்னான்: தப்புவீச்சு.

சார், “தப்புன்னா தப்பிக்கிறதா, தவறா?” என்று கேட்டார்.

“எது விழுதுங்கிறதைப் பொறுத்துங்க சார்” என்றார் டிஎம்.

லெவல் மட்டும் லெவலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நிலை, படி, அடுக்கு எதுவும் வாயில் ஒட்டவில்லை.

ஜூலை 5, சனி

கை இன்னும் நடுங்குகிறது. எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பாழடைந்த மில்லில் மூன்று ஓநாய்கள். நான் வீராப்பாக முன்னால் ஓடினேன். இரண்டே கடியில் என் 12 தெம்பும் காலி, வீராயி சாய்ந்துவிட்டாள். ஓநாய்கள் திருடன் பக்கம் திரும்பின. இனி ஒவ்வொரு முறையும் சாவுக்கு எதிராக இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி வந்தால் உயிர் நிற்கும். மூன்று தோல்வி என்றால் கதை முடிந்தது.

முதலில் 12. மூச்சு வந்தது.

சாரிடம் ஒரே ஒரு குணமாக்கும் மந்திரம் மிச்சம், அதுவும் தொட்டால்தான் பலிக்கும். அவர் இருந்தது நாற்பது அடி தள்ளி. குள்ளனுக்கு ஒரு முறைக்கு 25 அடிதான் நடை. ஓடினால் 50 அடி, ஆனால் ஓடிய முறையில் மந்திரம் போட முடியாது. சார் ஓடினார்.

என் முறை. அப்பத்தா கட்டிலில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உருட்டினேன். பாயின் ஓரத்தில் மோதி, திரும்பி வந்து நின்றது. 1.

சாவுக்கு எதிரான வீச்சில் 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் அப்பத்தா கையைத் தட்டி, மைக் அதிர, “தாயம்! தாயம்டி!” என்று கத்திவிட்டது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “யாருங்க அது?” என்றார் டிஎம். “ஒண்ணு விழுந்திருச்சு, அப்பத்தாவுக்குச் சந்தோஷம்” என்றேன். சிங்கப்பூர் அண்ணன் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். ஆனால் சார் சிரிக்கவில்லை. அடுத்த முறை அவருடையது. விட்டால் என் அடுத்த வீச்சில் முடிந்துவிடலாம். அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

“எந்திரிடி வீராயி! எந்திரிங்கிறேன்ல!”

மந்திரத்துக்கு எட்டு முகப் பகடையில் 2, கூட மூன்று. ஐந்து தெம்பு. கண் திறந்தேன்.

“கத்தாதடா மொட்டையா, காது கிழியுது” என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

ஆட்டம் முடிந்து பதினொன்றேகாலுக்கு சாரிடமிருந்து தனியாக ஒரு செய்தி: “மன்னிக்கணும் மேடம், ஒரு வேகத்தில் டி போட்டுவிட்டேன்.” நானும் டா போட்டதற்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன்.

ஜூலை 12, சனி

சொல்பட்டியலில் புதுச் சொல்: தாயம். பொருள்: இருபது முகப் பகடையில் 1. தம்பி சேர்த்திருக்கிறான். இன்று அவனுக்கே இரண்டு தாயம், பூட்டைத் திறக்கப் போய்க் கம்பி உடைந்தது.

ஜூலை 26, சனி

கொள்ளைக்காரர்களின் தானியக் கிடங்கு. உள்ளே பன்னிரண்டு பேர், எங்களுக்கு ஆகிற காரியமில்லை. “கூரை ஓலைதானே, ஒரே ஒரு தீப்பந்தம்…” என்று தம்பி ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான். மைக்குகளில் மின்விசிறிச் சத்தம் மட்டும். சார் எதுவும் தட்டவில்லை.

“இல்ல, வேணாம்” என்றான் அவனே. “மேல ஏரி இருக்குன்னு சொன்னீங்கல்ல? மதகைத் திறந்து விட்டா?”

“திறக்கலாமே” என்றார் டிஎம். அப்படி ஒரு ஏரியை அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இருபதை உருட்டி மதகைத் தூக்கினேன், 18. தண்ணீர் இடுப்பளவு ஏறியதும் மொட்டையன் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “நீந்தத் தெரியாதுடி எனக்கு!” என்று அலறினான். இந்தத் தடவை மன்னிப்புச் செய்தி வரவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

நாளை ஆடிப்பெருக்கு, டிஎம் ஊருக்குப் போகிறார். சும்மா அரைமணி பேசலாம் என்று கூடினோம். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அந்தக் குள்ளப் பய நல்லாயிருக்கானா? தண்ணியில கெடந்தானே” என்று என்னிடம் கேட்டது. மைக் திறந்திருந்தது.

“நல்லாயிருக்கேன் ஆத்தா” என்றார் சார், மொட்டையன் குரலில். “வேட்டிதான் இன்னும் காயலை.”