குடியாத்தம் மல்லாட்டையும் பொலிவியாக் காட்டுச் செடியும்

ஆடிப்பட்டத்து மல்லாட்டை (நிலக்கடலை) 70 நாளைத் தாண்டியதும் அடி இலையைப் புரட்டிப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி விரலில் ஒட்டினால் துரு நோய். கறுப்பாக, தொட்டால் சொரசொரவென்று வட்டப் புள்ளி இருந்தால் பின்பருவ இலைப்புள்ளி. டிக்கா என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் ஒன்று. புரட்டாசி மழை இரண்டுக்கும் கொண்டாட்டம். டிக்காவில் இலை உதிரும், துருவில் காய்ந்து செடியிலேயே தொங்கும். எதுவானாலும் மாட்டுக்குப் போட வேண்டிய கொடி வெறும் குச்சியாகிவிடும். பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் விழுதும் வலுவிழப்பதால், செம்மண் இறுகிய கொல்லையில் செடியைப் பிடுங்கினால் காய் மண்ணிலேயே தங்கிவிடும். இரண்டு நோயும் சேர்ந்து தாக்கினால் பாதி விளைச்சல் போவது சாதாரணம்.

இதில் நம் வேலூர் மாவட்டத்துக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. 1940-ல் திண்டிவனம் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம், குடியாத்தம் கொத்து என்ற நம்மூர் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. குறைந்த வயது, கொத்தாகக் காய்ப்பு, வறட்சியிலும் ஏதோ ஒரு விளைச்சல் என்று இந்தியா முழுக்கப் பரவியது. ஆனால் துருவுக்கும் டிக்காவுக்கும் அதைப் போல எளிதில் இரையாகும் ரகம் குறைவு. நோய்ச் சோதனைத் திடல்களில் நோயைப் பரப்பும் வரிசையாக இன்றும் அதையே விதைக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை அந்த ஒரு ரகத்தோடு நிற்கவில்லை. தென் அமெரிக்காவில் அரேகிஸ் டுரானென்சிஸ், அரேகிஸ் இபாயென்சிஸ் என்ற இரண்டு காட்டுச் செடிகள் எப்போதோ கலந்து, 20 குரோமோசோம் 40 ஆகப் பெருகி மல்லாட்டை பிறந்தது. அப்படிப் பிறந்ததுமே 20 குரோமோசோம் உள்ள உறவுக்காரச் செடிகளோடு இயல்பாகக் கலக்கும் வழி அடைபட்டுப்போனது. உலகத்து மல்லாட்டை முழுக்க ஒரு சின்னக் குடும்பத்து வாரிசு. சப்பாத்திக் கோதுமையின் கதையும் இதுதான்: ஏஜிலாப்ஸ் டௌஷி என்ற காட்டுப்புல்லின் ஒருசில செடிகள் மட்டும் அதில் கலந்தன. அதனால்தான் மெக்சிகோவின் சிமிட் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1980-களில் இருந்து ரவைக் கோதுமை இனத்தையும் அந்தப் புல்லையும் புதிதாகக் கலந்து, இயற்கை ஒருமுறை செய்ததைத் திரும்பத் திரும்பச் செய்தது.

நோயைத் தாங்க மல்லாட்டைக்குக் கைகொடுத்த காட்டுச் செடி பொலிவியாவின் அரேகிஸ் கார்டெனாசி. 1960-களில் வட கரோலினாவில் ஸ்மார்ட், கிரெகரி என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் அதை மல்லாட்டையோடு கலந்தார்கள். அந்தக் கலப்பின் வழித்தோன்றல்கள் ஹைதராபாத் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையம் வழியாகப் பல நாடுகளுக்குப் போயின. அப்படி வந்த ஐ.சி.ஜி.வி. 86855 என்ற வழித்தோன்றலைக் கர்நாடகத் தார்வாடில் கே.ஆர்.ஜி. 1 ரகத்துடன் கலந்து எடுத்ததுதான் ஜி.பி.பி.டி. 4 ரகம். துரு, பின்பருவ இலைப்புள்ளி இரண்டையும் தாங்கும்.

கலப்பு எப்படி நடக்கிறது? தாயாக மல்லாட்டையையே வையுங்கள். காட்டுச் செடியைத் தாயாக வைத்தால் விழுது சரியாக இறங்குவதில்லை. தொட்டியை இடுப்பு உயர மேடையில் வைத்தால் முதுகு பிழைக்கும். மார்கழிப் பட்டத்தில் விதைத்து, 25 முதல் 30 நாளில் பூ வந்ததும் தொடங்குவது நல்லது. வேலூர் சித்திரை வெயிலில் மகரந்தம் செத்துப்போகும், சூலகமுடி காய்ந்துபோகும்.

மறுநாள் விரியும் மொட்டு முந்தின மாலையே இலைக்கக்கத்தில் தெரியும், நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். மல்லாட்டைப் பூ விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தானே கொட்டிக்கொள்ளும் என்பதால் முந்தின மாலை 4 மணிக்கு மேல் தொடங்கி, ஆண் நீக்கத்தை, அதாவது மகரந்தப்பைகளை எடுப்பதை, அன்றே முடித்துவிட வேண்டும். பெரிய இதழைப் பின்னால் மடக்கி, பக்க இதழ்களைக் கீழே இழுத்து, படகு இதழை உரித்தால் 10 கேசரங்கள் இருக்கும். 8-ல் மட்டுமே மகரந்தப்பை உண்டு. கூர்மையான இடுக்கியால் எட்டையும் எடுத்துவிட்டு, இடுக்கியை ஸ்பிரிட்டில் முக்கித் துடையுங்கள். புதியவர்கள் தவறுவது பூவின் காம்பு போலத் தெரிவதில்தான். அது காம்பு அல்ல, சூல்தண்டு உள்ளே ஓடும் நீளக் குழாய். சூலகம் அதன் அடியில் கக்கத்தில் இருக்கிறது. குழாய் மடங்கினால் அந்தப் பூ வீண்.

மறுநாள் காலை 6 முதல் 9 மணிக்குள் காட்டுச் செடிப் பூவின் படகு இதழை நசுக்கி, பிதுங்கும் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவுங்கள். அந்தக் கணுவில் வண்ண நூல் கட்டுங்கள். கலக்காத பூக்களைத் தினமும் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் எந்த விழுது யாருடையது என்றே தெரியாது. சாதாரணக் கலப்பில் 5 முதல் 7 நாளில் விழுது தலைகாட்டும். காட்டுக் கலப்பில் சூல் வளராமல் நின்றுவிடுவது வழக்கம். அதற்குத்தான் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி: லிட்டருக்கு 75 முதல் 90 மில்லிகிராம், பஞ்சில் நனைத்துப் பூவின் அடியில் சுற்ற வேண்டும். தூளை நேரே தண்ணீரில் போட்டால் கரையாது. முதலில் சில துளி ஆல்கஹாலில் கரையுங்கள்.

கிடைத்த விதையை முளைக்க வைத்தால் 30 குரோமோசோம் செடி வரும். சின்ன இலை, படர்ந்த வளர்ச்சி, நிறையப் பூ, காய் இல்லை. காய் நன்றாகப் பிடித்தால் சந்தோஷப்படாதீர்கள். ஒரு மகரந்தப்பையை விட்டுவிட்டீர்கள், அது தாய் தன்னைத்தானே கட்டிக்கொண்ட விதை. உண்மைக் கலப்பில் 10 குரோமோசோம்கள் ஜோடியில்லாமல் நிற்பதால் மகரந்தம் மலடு. அசிட்டோகார்மின் சாயத்தில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலான மணிகள் நிறம் ஏறாமல் சுருங்கிக் கிடக்கும்.

மலட்டைப் போக்க, குரோமோசோமை இரட்டிப்பாக்கும் கோல்ச்சிசின் மருந்து. வெட்டிய கொடித் துண்டின் கணுக்களை 0.2 சதவீதக் கரைசலில் சுமார் 12 மணி நேரம் வைத்து, ஓடும் தண்ணீரில் கழுவி நடுவார்கள். கொடிய விஷம், கையுறை இல்லாமல் தொடவே கூடாது. பல துண்டுகள் அழுகும், சில அப்படியே இருக்கும், ஒருசில 60 குரோமோசோம் ஆகும். அதை மறுபடி மல்லாட்டையோடு கலந்தால் 50, அதைத் தன்மகரந்தத்தில் விட்டால் தலைமுறைக்குத் தலைமுறை குரோமோசோம் உதிர்ந்து 40-ல் வந்து நிலைக்கும். நடுவில் வருவதில் பாதி நோஞ்சான். இரண்டு மூன்று காட்டுச் செடிகளை முதலில் தமக்குள் கலந்து, 20-ஐ 40 ஆக்கி, பிறகு மல்லாட்டையோடு சேர்ப்பது இன்னொரு பாதை. டெக்சாஸில் நூற்புழு தாங்கும் கோவான் ரகம் 1999-ல் வந்தது இப்படித்தான். என் பார்வையில் இதுவே நேர்வழி. தலைமுறை வீணாவது குறைவு.

இவ்வளவும் கால்வாசி வேலைதான். காட்டுச் செடி தன் நோய் எதிர்ப்பை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுக்காது. நீண்ட விழுது, இடுங்கிய இடுப்போடு பிரிந்து நிற்கும் ஒற்றைப் பருப்பு அறைகள், தடித்த ஓடு, சின்னப் பருப்பு, நீண்ட வயது எல்லாம் கூடவே வரும். கோதுமையில் ரை தானியத்தின் ஒரு குரோமோசோம் கையை ஒட்டவைத்தபோது மூன்று வகைத் துருவுக்கும் எதிர்ப்பு வந்தது. கூடவே மாவு பிசையும்போது கையில் ஒட்டும் குணமும் வந்தது. கடைசியில், 1998-ல் உகாண்டாவில் தென்பட்டு யு.ஜி. 99 என்று பெயர் பெற்ற தண்டுத்துரு அந்த எதிர்ப்பையும் உடைத்துவிட்டது. ஒற்றை மரபணுவை நம்பி ஒரு நாட்டையே விதைத்தால் இதுதான் கதி.

வேண்டாததைக் கழிக்க, தாய் ரகத்தோடு திரும்பத் திரும்பப் பின்கலப்பு. மூன்று முறை செய்தால் சராசரி 93.75 சதவீதம் தாய். ஆனால் எதிர்ப்பு மரபணுவை ஒட்டியிருக்கும் பகுதி அவ்வளவு லேசில் விடாது. கணக்குப் போடுங்கள்: மரபணு உள்ள ஒரு செடியாவது கிடைக்க 5 விதை போதும். மரபணுவிலிருந்து 2 சென்டிமார்கன் தூரத்துக்குள் (100 செடியில் சுமார் 2-ல் வெட்டு விழும் தூரம்), ஒட்டிவந்த பகுதி ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்ட செடி வேண்டுமென்றால் மரபணு உள்ளவை 150, அதாவது 300 விதை. காய்க்கு ஒன்றரை விதை, நூற்றுக்கு 40 வெற்றி என்று வைத்தால் 500 பூ. மறுபக்கத்துக்கு அடுத்த தலைமுறையில் இன்னொரு 500. மரபணு இருக்கிறதா என்று இலையிலேயே காட்டும் டி.என்.ஏ. மார்க்கர் இல்லாத காலத்தில் இதற்குப் பொறுமை மட்டுமே கருவி. மார்க்கர் வந்தபின் தார்வாடில் ஜி.பி.பி.டி. 4-ன் எதிர்ப்புப் பகுதியை நம் டி.எம்.வி. 2-க்குள்ளேயே கொண்டுபோனார்கள், குடியாத்தம் கொத்துக்குப் பொலிவியாச் சம்பந்தம்!

மார்க்கர் சொன்னாலும் கொல்லையில் சோதிக்காமல் நம்பக் கூடாது. சோதனை வரிசைகளுக்கு நடுவே டி.எம்.வி. 2 வரிசை விதைத்து, 45 முதல் 50-ம் நாள் மாலையில் துரு வித்துக் கரைசல் தெளிப்பார்கள்: மில்லிக்கு சுமார் 50,000 வித்துகள், இலையில் ஒட்டுவதற்கு ஓரிரு துளி ட்வீன் என்ற சோப்பு போன்ற திரவம். இரவு முழுக்க இலை நனைந்திருக்க வேண்டும். காலையிலேயே காய்ந்துவிட்டால் எல்லாச் செடியும் எதிர்ப்பு உள்ளதாகத் தெரியும். இதைவிடப் பெரிய ஏமாற்று இல்லை. அறுவடைக்கு முன் 1 முதல் 9 வரை மதிப்பெண், 9 என்றால் இலை முழுக்க நோய். பரப்பும் வரிசை 8, 9-க்கு வராவிட்டால் அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்த வகை ரகத்தை விதைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிர்ப்பு என்றால் புள்ளியே வராது என்பதல்ல. புள்ளி தாமதமாக, சின்னதாக, குறைவாக வரும், இலை கொடியில் நிற்கும். கழுத்தழுகலுக்கோ சுருள்பூச்சிக்கோ இந்த மரபணு உதவாது, விதை நேர்த்தியை விடக் கூடாது. மல்லாட்டை தன்மகரந்தப் பயிர் என்பதால் பூவில் கலப்பு நேர்வது அரிது. கலப்பெல்லாம் காய் ஆயும் களத்தில், மூட்டையில்தான். விதைக்கு எடுக்கும் துண்டில் 85, 90-ம் நாள் ஒருமுறை நடந்து, பக்கத்துச் செடி பச்சையாக நிற்கத் தனியாகக் கருகி நிற்கும் செடிகளைக் கொடியோடு பிடுங்கி வெளியே போட்டபிறகே மற்றதைப் பிடுங்குங்கள்.