ஊசி போட்டும் ஏறாத எச்.பி.

டயாலிசிஸ் ஆரம்பித்து ஐந்தாவது மாதம் என் எச்.பி., அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, 7.2. எட்டுப் படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஒன்பதாவது படி. இத்தனைக்கும் வாரம் இரண்டு தடவை எரித்ரோபொய்டின் 4000 யூனிட் ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தேன். எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யச் சொல்லித் தூண்டுகிற ஹார்மோனைச் சுரப்பது கிட்னிதான், அது படுத்துவிட்டதால் வெளியிலிருந்து ஊசியாகப் போடுகிறார்கள், இதுவரைக்கும் எனக்குத் தெரியும். போட்டும் ஏன் ஏறவில்லை என்று கேட்டால் "சிலருக்கு லேட்டாகும் சார்" என்பார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். பெரியம்மா ஃபோனில், "பேரீச்சம்பழம், மாதுளை, முருங்கைக்கீரை, மூணையும் விடாம சாப்பிடுடா, ரத்தம் ஊறும்" என்றார். பேரீச்சம்பழத்தை மட்டும் ஒரு வாரம் தின்றேன். எச்.பி. அசையவில்லை, படுத்துவிட்ட கிட்னியால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம்தான் 6.1-க்கு எகிறியது. டயட்டீஷியனிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

அப்புறம் ஐஸ். தண்ணீருக்கு அளவு இருப்பதால் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் பழக்கம்தான், ஆனால் எனக்கு அது சப்புவதில் ஆரம்பித்து கடக் கடக் என்று கடித்து மெல்லாமல் தூக்கமே வராது என்கிற அளவுக்குப் போயிருந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு ஃப்ரீசர் ட்ரேயைத் தட்டுகிற சத்தத்தில் மனைவி எழுந்து வருவாள். தாகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த டாக்டர்தான், "ஐஸைக் கடிச்சு மெல்லணும்னு தோணுதா?" என்று கேட்டார். இரும்புச்சத்து குறைந்தால் அப்படித் தோன்றுமாம்! உடனே ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது), டி-சாட் (ரத்தத்தில் ஓடும் இரும்பு எவ்வளவு) என்று இரண்டு டெஸ்ட் எழுதிக்கொடுத்தார். டி-சாட் 12 சதவீதம். குறைந்தது 20-ஆவது இருக்க வேண்டும் என்றார். அதுவரை மாதாமாதம் எனக்குப் பார்த்தது எச்.பி. மட்டும். ஊசி தூண்டிக்கொண்டே இருக்கிறது, சிவப்பணு செய்ய இரும்புதான் இல்லை. உலை கொதிக்கிறது, அரிசிதான் இல்லை.

ரத்தத்தை வடிகட்டுகிற டயலைசரிலும் டியூப்பிலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரத்தம் தங்கிப் போகிறது, டெஸ்ட்டுக்கு வேறு எடுக்கிறார்கள், அதோடு இரும்பும் போகிறது. எங்களுக்கு மாத்திரை சரியாக உறிஞ்சாது என்பதால் அயர்ன் சுக்ரோஸ் என்கிற இரும்பு மருந்து 100 மில்லிகிராம், சலைனில் கலந்து, டயாலிசிஸ் ஓடும்போதே, பத்து தடவை. காபி டிகாக்ஷன் நிறத்தில் இறங்கும். வாயில் பழைய காசைப் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு ருசி, அவ்வளவுதான்.

நடுவில் நானே செய்த கூத்து ஒன்று. ஊசி மருந்தை வெளியே வாங்கி ஃபிளாஸ்கில் கொண்டுபோவேன், ஐஸ் நிறைய இருந்தால் நல்லது என்று குப்பியை ஐஸுக்குள்ளேயே புதைத்து வைத்தேன். டெக்னீஷியன் தம்பி எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், மருந்து ஆடவே இல்லை. உறைந்துவிட்டது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் குப்பைதான், குலுக்கவும் கூடாது. இப்போது குப்பிக்கும் ஐஸ் பேக்குக்கும் நடுவே ஒரு துண்டு வைக்கிறேன்.

ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிடலாமே என்று கேட்டேன். கிட்னி மாற்று யோசனையில் இருப்பதால் முடிந்தவரை வேண்டாம் என்றார் டாக்டர், அடுத்தவர் ரத்தம் ஏறினால் உடம்பில் எதிர்ப்பு உருவாகி, பின்னால் கிட்னி பொருந்துவது சிரமமாகும்.

ஐஸ் ஆசை நாலாவது டோஸிலேயே நின்றுவிட்டது. எச்.பி. மெதுவாகத்தான் ஏறியது, இரண்டரை மாதத்தில் 10.9. கூடவே பி.பி. 170/100. ஊசியால் பி.பி. ஏறும் என்று டோஸைக் குறைத்தார்கள். 13 வரை ஏற்றினால் இன்னும் தெம்பாக இருக்குமே என்றதற்கு, "10-லிருந்து 11.5 போதும், அதுக்கு மேல தள்ளினா ஸ்ட்ரோக் வர வாய்ப்பு கூடும்" என்றார்.

பெரியம்மாவிடம் 10.9 என்று சொன்னேன். அந்த ஒரு வாரப் பேரீச்சம்பழம்தான் வேலை செய்தது என்கிறார்.