மலராத மொட்டைத் தேடி ரோமுக்கு

நான் முதன்முறை ரோமுக்குச் சென்றது ஓர் ஆகஸ்ட் மாதத்தில். பழைய யூதர் குடியிருப்பின் தெருவோர உணவகம் ஒன்றில், ஊரே புகழும் பொரித்த ஆர்ட்டிசோக்கைக் (மலருமுன் பறித்துக் காய்போலச் சமைக்கும் ஒரு பூமொட்டு) கேட்டு வாங்கினேன். வந்தது நார் நாராக, மென்று துப்பவேண்டிய ஒரு பண்டம். பக்கத்து மேசையில் இருந்த உள்ளூர்ப் பெரியவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "ஆகஸ்டில் இதை யார் சாப்பிடுவார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், அடுத்த பயணத்தை ஆர்ட்டிசோக் பருவம் முடியுமுன், ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

பழைய இறைச்சிக்கூடத்துக்கு எதிரே, 2012-ல் புதிய கட்டடத்துக்கு மாறிய டெஸ்டாச்சோ சந்தையில் முதல் நாள் காலை முழுவதும் கழிந்தது. ஒரு காய்கறிக் கடையில் அம்மையார் ஒருவர் ஆர்ட்டிசோக் ஆய்ந்துகொண்டிருந்தார். சிறு கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு காயைத்தான் சுழற்றுகிறார். முற்றிய வெளி இதழ்கள் சுருள் சுருளாக விழ, வெளிறிய உட்பகுதி மட்டும் எலுமிச்சை பிழிந்த நீருக்குள் போகிறது. வாழைப்பூ ஆய்ந்த கையைப்போல அவருடைய விரல் நுனிகள் கறுத்திருந்தன. உருண்டையாக, ஊதா படர்ந்து, முள்ளில்லாமல் இருக்கும் இந்த 'ரோமனெஸ்கோ' வகை, ரோமுக்கு வடமேற்கே லதிஸ்போலி, செர்வெத்தேரி போன்ற கடலோர ஊர்களில் விளைகிறது. 2002 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் இதற்கு உண்டு. செடியின் உச்சியில் வரும் முதல் மொட்டைச் 'சிமரோலோ' என்கிறார்கள். இளசாக இருப்பதால் நடுவில் உறுத்தும் சுணை அதில் அநேகமாக இருப்பதில்லை.

1555-ல் போப்பின் ஆணையால் யூதர்கள் அடைக்கப்பட்டு, மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அந்தக் குடியிருப்புக்கு மறுநாள் மீண்டும் சென்றேன். அங்கே ஆர்ட்டிசோக்கை முழுதாக எண்ணெயில் மெல்ல வேகவைத்து, எடுத்து ஆறவிட்டு, இதழ்களை விரித்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் மறுபடியும் பொரிக்கிறார்கள். சாமந்தியைப்போல விரிந்த அதன் ஓர இதழ் அப்பளமாக நொறுங்க, அடிப்பகுதி வெண்ணெயாகக் கரைகிறது. இதழிடுக்கில் பூச்சி இருக்கலாம் என்பதால் முழுதாகப் பொரித்தது யூத உணவு விதிக்கு ஒவ்வாது என்று 2018-ல் இஸ்ரேலின் தலைமை ரபி (யூத மதகுரு) அலுவலகம் சொன்னபோது, எங்கள் காயின் இதழ்கள் இறுக்கமானவை, பூச்சி நுழையாது என்று ரோம் யூதர்கள் பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்து பொரித்தார்கள். ஆனாலும் என் ஓட்டு மற்றொரு முறைக்குத்தான்: நடுவில் பூண்டும் 'மெந்தூச்சா' என்னும் காட்டுப் புதினாவும் திணித்து, காம்பு மேலே பார்க்கத் தலைகீழாகப் பாத்திரத்தில் அடுக்கி, ஆலிவ் எண்ணெயும் நீரும் விட்டு மூடி வேகவைப்பது.

பயணத்தின் உச்சம் என்று 'வின்யரோலா'வைத்தான் சொல்வேன். ஆர்ட்டிசோக் முடியும் தறுவாயும் பச்சைப் பட்டாணியும் ஃபாவா அவரையும் வரத் தொடங்கும் நாள்களும் ஒன்றோடொன்று கலக்கும் சில வாரங்களில் மட்டுமே இது சமைக்கப்படுகிறது. கூடவே லெட்யூஸ் கீரையும் வெங்காயத்தாளும் சேர்கின்றன. சில வீடுகளில் பன்றிக் கன்னக்கொழுப்பும் சேர்ப்பதுண்டு என்பதால், சைவர்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது. பார்வைக்கு மங்கிய பச்சையில் குழைந்து கிடக்கும் இதில், பட்டாணியின் தித்திப்பு முடியும் இடத்தில் ஆர்ட்டிசோக்கின் மெல்லிய கசப்பு எட்டிப் பார்க்கிறது. குளிர்காலக் கீரையான 'புந்தரெல்லே'யையும் சந்தையில் கேட்டுப் பார்த்தேன். அது முடிந்துவிட்டது என்று கைவிரித்தார்கள்.

மே 1 அன்று பச்சை ஃபாவா அவரையைப் பெகொரினோ என்னும் செம்மறியாட்டுப்பால் சீஸோடு சேர்த்துத் தின்பது ரோமானியர் வழக்கம். என் விமானமோ ஏப்ரல் 28 இரவு. அன்று காலை அதே அம்மையாரிடம் அரைக் கிலோ அவரை கேட்டபோது, "இன்னும் மூன்று நாள் இருக்கிறதே!" என்றார், விமானத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே எடை போட்டுவிட்டு, மேலே ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். சந்தைக்கு வெளியே ஒரு திண்டில் உட்கார்ந்து, தோலை உரித்து உரித்துப் பச்சையாகவே தின்று தீர்த்தேன்.