கலோவிலிருந்து இன்லே ஏரிக்கு நடந்தே

மியான்மரின் இன்லே ஏரிக்குப் போகிறவர்கள் பலரும் ஹேஹோ விமான நிலையத்தில் இறங்கி, டாக்ஸி பிடித்து, மதியத்துக்குள் நியாங்ஷ்வே ஊரில் படகேறிவிடுவார்கள். நானும் என் கணவரும் 2019 டிசம்பரில் போனபோது கலோவில் தொடங்கி, மலைக் கிராமங்களில் தங்கித் தங்கி ஏரிக்கு நடந்து இறங்கினோம். கால் வலிக்கும்தான். ஆனாலும் நேரம் இருப்பவர்களுக்கு அந்த வழியைத்தான் சொல்வேன். மலையைப் பார்த்துவிட்டு இறங்கினால்தான் ஏரிக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பது புரியும்.

கலோ, ஷான் மாநிலத்தில் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் உண்டாக்கிய கோடைவாசஸ்தலம். பைன் மரங்கள், பழைய பங்களாக்கள், ஒரு குட்டி ரயில் நிலையம். ரயில் பாதை போட்ட காலத்தில் வந்து தங்கிய இந்திய, நேபாளக் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். சப்பாத்தியும் பருப்பும் கேட்டால் கிடைக்கும்.

அடர்ந்த காடு, அருவி என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஊரைத் தாண்டினால் பலாங் மக்களின் தேயிலைச் செடிகள், அப்புறம் தனு, பாவோ மக்களின் நிலங்கள். இஞ்சி, மிளகாய், கோதுமை என்று சரிவு முழுக்க விவசாயம். மண் அப்படியொரு சிவப்பு. வழி நெடுக மூங்கில் பாய்களில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் தும்மல். மரம் அதிகம் இல்லாத அந்தச் சரிவுகளில் மழை பெய்தால் மண் எங்கே போகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கீழே ஏரி இருக்கிறது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு பாவோ பெண். கருநீலத்தில் மேலும் கீழும் உடுப்பு, தலையில் ஆரஞ்சுக் கட்டம் போட்ட துண்டு. பாவோ மக்களின் கதைப்படி அவர்களுடைய தாய் ஒரு டிராகன், தந்தை வானில் பறக்கும் சித்தர். தலைத்துண்டை முடிந்திருப்பது அந்த டிராகனின் தலை மாதிரியாம். "அதெல்லாம் நம்புகிறீர்களா?" என்று கேட்டேன். "வெயிலுக்கு நல்லது" என்றாள்.

தங்கிய வீட்டில் கீழே எருமைகள், மேலே மனிதர்கள். மூங்கில் தரை நடக்கும்போது கொஞ்சம் அமிழ்ந்து எழும். நடுவில் அடுப்பு, அதற்கு மேலே பூண்டுக் கொத்துகள் புகை குடித்துக்கொண்டு தொங்கின. கிழக்குச் சுவரில் புத்தருக்கு ஒரு பலகை. அதில் பூவும் தண்ணீரும். அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுக்கக் கூடாது என்று வீட்டுப் பாட்டி சைகையிலேயே எங்கள் படுக்கையைத் திருப்பிப் போடவைத்தார். ராத்திரி குளிர் எலும்பு வரை போகும். எத்தனை போர்வை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

காலையில் பாட்டி கொடுத்தது, மஞ்சள் போட்டுக் கிண்டிய கடலைமாவுக் கூழை அரிசி நூடுல்ஸ் மேல் சூடாக ஊற்றி, எள்ளும் மிளகாய் எண்ணெயும் தூவிய ஒரு பண்டம். இதே கூழ் ஆறி இறுகினால் ஷான் டோஃபு. சோயா கிடையாது, முழுக்கக் கடலைமாவுதான். சென்னை பர்மா பஜாரில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்ட நாக்குக்கு ஷான் நூடுல்ஸ் கொஞ்சம் சாதுவாகத் தெரியும். பக்கத்தில் வைக்கும் கடுகுக்கீரை ஊறுகாயைத் தாராளமாகப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

ஏரிக்கு இறங்கினால் உலகமே மாறிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில், இருபுறமும் மலைத்தொடர், நடுவே நீளவாக்கில் தண்ணீர். பரப்பு பெரிதே தவிர ஆழம் கிடையாது. கோடையில் பல இடங்களில் இரண்டு ஆள் உயரம்கூட வராது. இங்கே வாழும் இந்தா மக்கள் படகின் நுனியில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலைத் துடுப்பில் சுற்றி வலிக்கிறார்கள். உட்கார்ந்தால் நாணலும் பாசியும் வழியை மறைத்துவிடும், நின்றால் தெரியும். கையும் வலைக்குக் கிடைக்கும். பெண்கள் உட்கார்ந்து கையால்தான் வலிப்பார்கள். கூம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏரியின் வாசலிலேயே போஸ் கொடுப்பவர்கள் மீன் பிடிப்பதில்லை, காசு வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை. மீனைவிட அது நல்ல வருமானம்.

எனக்குப் பிடித்தது மிதக்கும் தோட்டங்கள். பாசியும் வேரும் பின்னிக் கிடக்கும் திட்டை நீளநீளமாக அறுத்து, படகில் கட்டி இழுத்து வருகிறார்கள். அதன் ஊடே மூங்கில் கழியைச் செருகி ஏரியின் அடிமண்ணில் குத்தி நிறுத்தினால் வயல் தயார். மேலே ஏரிச் சேற்றை அள்ளிப் போட்டுத் தக்காளி நடுகிறார்கள். மழையில் தண்ணீர் ஏறினால் தோட்டமும் கழியோடு மேலே ஏறும். படகுக்காரர் ஒரு திட்டில் காலை வைத்துப் பார்க்கச் சொன்னார். மெத்தை போல அழுந்தியது, விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. பக்கத்து வரிசையில் ஒருவர் படகில் நின்றபடியே பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார். சொட்டியதெல்லாம் நேராக ஏரிக்குள்.

1935-க்கும் 2000-க்கும் இடையில் இந்த ஏரியின் திறந்த நீர்ப்பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. மலைமண் ஓரங்களை மேடாக்குகிறது, தோட்டங்கள் நடுவை நோக்கி நகர்கின்றன. 2015-இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மியான்மருக்கு அதுதான் முதலாவது. ஆனால் தக்காளியை விட்டுவிடு என்று அந்தப் படகுக்காரரிடம் யார் சொல்வது? மேலே மிளகாய் போடும் பாட்டியிடம்தான் யார் சொல்வது?

கோயில்களில் முக்கியமானது பாங் டா ஊ. உள்ளே ஐந்து சிறு புத்தர் சிலைகள். சிலைகள் என்று சொன்னால்தான் தெரியும். பக்தர்கள் பல தலைமுறையாகத் தங்கத் தாள் ஒட்டி ஒட்டி, முகம் கை எதுவும் இல்லாமல் தங்க உருண்டைகளாகிவிட்டன. முன்பு எப்படி இருந்தன என்பதற்குச் சுவரில் பழைய படங்கள் மாட்டியிருக்கிறார்கள். பீடத்தில் ஏறித் தங்கம் ஒட்ட ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி. என் கணவர் ஏறினார். கோயிலுக்கே போகாத மனுஷர். வேண்டுதலோடு வந்த பர்மியப் பெண்கள் என்னோடு கீழே உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும் திருவிழாவில் பறவை உருவப் படகில் இந்தச் சிலைகள் ஊர் ஊராக வலம் வரும். போவது நான்குதான். 1965-இல் படகு கவிழ்ந்து ஐந்தும் மூழ்கின. நான்கைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினால், ஐந்தாவது தானாகவே கோயிலுக்கு வந்து உட்கார்ந்திருந்ததாம். அன்றிலிருந்து அவர் ஊர்வலத்துக்கு வருவதில்லை.

இந்தெய்ன் என்ற கிராமத்துக்கு ஏரியிலிருந்து ஓடை வழியாகப் படகு மேலேறும். மூங்கில் தடுப்பணைகளின் இடைவெளியில் படகுக்காரர் மோட்டாரை முறுக்கித் தாவவைப்பார். குன்றின் மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்தூபிகள். செங்கல் பிளந்து மரம் முளைத்தவை ஒருபக்கம், நன்கொடையாளர் பெயர் பொறித்துப் புதுப்பெயின்ட் அடித்தவை இன்னொருபக்கம். இடிந்தவைதான் அழகு என்று எங்களுக்குத் தோன்றும். கும்பிட வருகிறவர்களுக்கு அப்படி இல்லை.

இப்போது போகலாமா என்று கேட்டால், உடனே போங்கள் என்று சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஷான் மாநிலத்தின் பல பகுதிகளில் சண்டை நடந்திருக்கிறது. 2025 மார்ச் 28-இல் வந்த 7.7 அளவு நிலநடுக்கத்தில், ஏரிக்குள் கம்பங்கள் மேல் நின்ற வீடுகள் ஏராளமாகச் சரிந்தன. திட்டமிடுபவர்கள் முதலில் நடைப்பாதை திறந்திருக்கிறதா, இரவு கிராமத்தில் தங்க விடுகிறார்களா என்று உள்ளூரில் விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகு டிக்கெட் போடுங்கள். நடை இல்லை என்றால் படகுச் சவாரியிலாவது ஒரு தக்காளித் தோட்டத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கேட்டால் நிறுத்துவார்கள், கேட்காவிட்டால் நேராக நெசவுக் கடைக்குத்தான் கூட்டிப்போவார்கள்.