பத்து மணி டீயும் பிளாக் சபாத்தும்

பர்மிங்காமுக்கு நான் வந்தது 2018 ஜனவரியில். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது, நானும் கூடவே வந்தேன். கோவை கணபதியில் ஒரு பட்டறையில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்) ஓட்டிக்கொண்டிருந்தேன். இங்கேயும் இரண்டே மாதத்தில் அதே வேலை கிடைத்துவிட்டது. மெஷின் பழக ஒரு வாரம் போதும். பத்து மணி டீ இடைவேளை பழகத்தான் ஆறு மாதம் ஆனது.

பேச்சின் வேகமும் அந்த ஊர் இழுப்பும் ஒரு காரணம். கேன்டீனில் டீ கொடுக்கும் அம்மா எல்லோரையும் 'பாப்' என்பார். எங்கள் ஊரில் 'கண்ணு' என்று கூப்பிடுவது மாதிரிதான் என்று புரிந்ததும் மனசுக்கு இதமாக இருந்தது. பெரிய காரணம், அவர்கள் பேசிய விஷயம். உலகத்திலேயே சிறந்த ராக் ஆல்பம் எது? தினமும் இதே சண்டை. ஊரில் டீக்கடை பெஞ்சில் இளையராஜாவா ரகுமானா என்று பொழுது போகுமே, அதே சூடு. ஆனால் எனக்கு ஒரு பெயரும் தெரியாது. கப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மூன்று பேர் முக்கியம், ஆளுக்கு ஒரு ராக் குழு. பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் பிறந்து வளர்ந்த, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் பெரியவர் அதே ஊர்க் குழுவான பிளாக் சபாத் கட்சி. டட்லிக்காரர் லெட் செப்பலின். ஸ்மெத்விக்கில் பிறந்த பஞ்சாபி நண்பர் பிங்க் ஃபிலாய்ட். செப்பலின் 'நம்ம ஊர்' குழுவா என்பதற்கே ஒரு வாரம் போகும். பாடகர் ராபர்ட் பிளாண்ட் வெஸ்ட் பிராம்விச்சில் பிறந்தவர், டிரம்மர் ஜான் பான்ஹம் ரெடிச்சுக்காரர். மற்ற இருவரும் லண்டன் பக்கம். "பாதிதான் நம்மது" என்பார் பெரியவர். வெஸ்ட் பிராம்விச் பர்மிங்காமே கிடையாது, அது பக்கத்துப் பகுதியான பிளாக் கன்ட்ரி என்று டட்லிக்காரர் கிளம்புவார். அதற்குள் மணி அடித்துவிடும்.

ஒருநாள் பஞ்சாபி நண்பர் தன் போனில் பிங்க் ஃபிலாய்டின் 1973 ஆல்பத்திலிருந்து 'மணி' (பணம்) பாட்டைப் போட்டார். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்ற அந்த ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் இருந்தது என்பது அவருடைய நிரந்தர வாதம். காசு விழும் சத்தமும் கல்லாப்பெட்டி சத்தமும் தாளமாகவே வரும் பாட்டு அது. கேட்டதும் என் கை தானாக டிபன் பாக்ஸில் தாளம் போட ஆரம்பித்தது. தகிட தகதிமி. ஏழு அட்சரம், நம் மிஸ்ர சாபு தாளம்! சின்ன வயதில் நாலு வருஷம் மிருதங்க வகுப்புக்குப் போனவன் நான். கிடார் தனியாக வாசிக்கும் இடத்தில் பாட்டு நாலுக்கு மாறியது, நானும் மாறினேன். அப்புறம் ஏழுக்குத் திரும்பியது, திரும்பினேன். மேசையே அமைதியாகிவிட்டது. "இன்னொரு தடவை போடு" என்றார் பெரியவர். என்னைப் பார்த்து அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

அன்றிலிருந்து எனக்கும் ஒரு ஓட்டு உண்டு என்றார்கள். ஓட்டுப் போட வேண்டுமானால் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். பஸ்ஸில் போக வர ஒரு மணி நேரம். ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்டேன்.

சபாத்தை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது பாட்டுக்கு முன்னால் ஒரு கதை. பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்று பெரியவர் சொன்னார். கிடார் வாசித்த டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் கடைசி நாள். வராத ஆளுக்குப் பதிலாக பிரஸ்ஸில் நின்றவருக்கு வலது கையில் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. இடக்கை வாசிப்பாளர் என்பதால் தந்தியை அழுத்தும் விரல்களே அவைதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். 1971 ஆல்பத்தில் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, ஓசை கனத்தது. பவர் பிரஸ்ஸில் விரல் போன இரண்டு பேரை எனக்குக் கணபதியில் நேரில் தெரியும். அன்று இரவு கேட்டபோது அந்தக் கனம் எனக்குப் புதிதாக இல்லை.

1970 பிப்ரவரியில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். கிட்டத்தட்ட ஒரே நாளில் பதிவானது. மழை, சர்ச் மணி, அப்புறம் மூன்று சுரம். ஷட்ஜம் (ச), மேல் ஷட்ஜம், இறங்கி வந்து பிரதி மத்யமம், அதாவது உயர்ந்த 'ம'. பழைய ஐரோப்பிய இசையில் 'ச'வுக்கும் இந்த 'ம'வுக்கும் உள்ள இடைவெளிக்குச் சாத்தான் என்றே பெயர் என்று பெரியவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நம் 72 மேளகர்த்தா ராகங்களில் (தாய் ராகங்கள்) பின்பாதி 36-க்கும் அந்தச் சுரம்தான். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தில் அந்தச் சுரம் வரும் கல்யாணி ராகம் கேட்டு யாராவது பயந்திருக்கிறார்களா?

மறுநாள் கல்யாணி ஆலாபனை ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். "அதே சுரமா இது?" அதேதான். நம்மவர்கள் அதை அடுத்த சுரமான பஞ்சமத்தில் கொண்டுபோய் அமர்த்துகிறார்கள். அயோமி அமர விடாமல் அங்கேயே நிறுத்தி நடுங்க வைக்கிறார். இதைச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை, பாடித்தான் காட்டினேன். டட்லிக்காரர்கூட எதிர்த்துப் பேசவில்லை.

பெரியவர் பிறகு ஓய்வு பெற்றார். 2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க் மைதானத்தில் சபாத்தின் கடைசிக் கச்சேரி. அதே மாதம் 22-ஆம் தேதி சபாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் இறந்துவிட்டார். 30-ஆம் தேதி இறுதி ஊர்வலம் பிராட் ஸ்ட்ரீட் வழியாக, சபாத் பெயர் வைத்த பாலத்துக்கு வந்தது. நான் அரை நாள் லீவு போட்டுப் போனேன். பெரியவர் அழைத்திருந்தார். பித்தளை வாத்தியக்காரர்கள் சபாத் பாட்டுகளை வாசித்தபடி முன்னே நடந்தார்கள். தெரு முழுக்கக் கூட்டம், கறுப்புச் சட்டைகள், பூக்கள். பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி கடந்து போனதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் 1971 ஆல்பம்தான் சிறந்தது" என்றார்.

"முதல் ஆல்பம்தான்" என்றேன். பஸ் ஸ்டாப் வரை அதே பேச்சுதான்.